கடலுக்குள் நல்ல தண்ணீர்

வாப்பாவின் படகை விலைக்கு வாங்கிய முந்தல் ஊர்க்காரர் வந்து ஏற்றிப்போவதற்கு முதல் நாள், ஸப்ரான் கடைசித் தடவையாக அந்த இடத்தைத் தேடிப் போனான். படகு போனதும் அவனும் கட்டாருக்கு வேலைக்குப் போகிறான். துணைக்குக் கூட்டாளி லோறன்ஸ் வந்தான்.

மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுக் கற்பிட்டிக் கரைக்கு வந்த முதல் வருடமே, கடலுக்குள் நல்ல தண்ணீர் ஊறும் இடமொன்றைக் கண்டதாக வாப்பா லத்தீப் சொன்னார். அள்ளிக் குடித்தாராம். யாரும் நம்பவில்லை. ‘நல்லதண்ணி லத்தீப்’ என்று ஊர் பெயர் வைத்தது. மௌத்தாகி அடக்கம் செய்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

அவர் விட்டுப்போனது இரண்டு அடையாளங்கள்தான். கடலிலிருந்து பார்த்தால் தொழுகைப் பள்ளிக்கு நேர் பின்னால் ஒற்றைப் பனை நிற்க வேண்டும். மாதா கோயிலுக்கு நேர் பின்னால் மணல்மேட்டின் உச்சி தெரிய வேண்டும். இரண்டும் பொருந்தும் இடத்துக்கு ஸப்ரான் எத்தனையோ தடவை வந்து குடித்துப் பார்த்துவிட்டான்.

இன்றும் உப்புத்தான்.

“துப்பாத மச்சான், விழுங்கு. பழகிரும்,” என்றான் லோறன்ஸ்.

“சும்மா இரு.”

“கோவிக்காத. உங்கட பள்ளி திறக்கேக்க நாங்க மூணாம் வகுப்பு. சோறு தந்தாங்க, அதான் ஞாபகம். அப்ப உன்ர வாப்பா எந்தப் பள்ளியப் பாத்தவர்?”

ஸப்ரானின் கையிலிருந்த நீர் வழிந்தது. அகதி முகாம் பள்ளி. அவன் ஓதப்போன தகரக் கூரைப் பள்ளி. அது இருந்த இடத்தில் இப்போது ஃபோன் டவர் நிற்கிறது. பள்ளி என்றதும் இத்தனை காலமும் கண் புது மினாராவுக்கே போயிருக்கிறது.

எஞ்சினை முடுக்கினான். மாதா கோயில் மணல்மேட்டை விட்டு விலகாதபடி லோறன்ஸ் கையால் வழி காட்டினான். டவர் மெல்ல நகர்ந்து பனையை மறைத்தது.

சுற்றிலும் சிற்றலை. நடுவில் மட்டும், ஒரு பாய் அகலத்துக்கு, நீர் வழவழவென்று அடியிலிருந்து எழுந்து ஓசையில்லாமல் விரிந்துகொண்டிருந்தது.

ஸப்ரான் கையை விட்டான். குளிர்ந்தது. குடித்தான். பிறகு கரைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

லோறன்ஸும் அள்ளினான். திரும்பவும் அள்ளினான்.

“உன்ர வாப்பா பொய் சொல்லேல்ல,” என்றான் மெதுவாக.

உம்மாவுக்கென்று ஒரு போத்தலை நிரப்பி மூடினான் ஸப்ரான். புறப்படலாம் என்று திரும்பியபோது, லோறன்ஸ் படகின் விளிம்பில் குப்புறப் படுத்து, மூக்கு நீரில் படுமளவுக்குக் குனிந்திருந்தான்.

“மச்சான், எங்கட கிணறெல்லாம் உவர். இது எங்கயிருந்து வருது?”

ஸப்ரான் எஞ்சின் கயிற்றை விட்டுவிட்டு அவனருகில் படுத்துக்கொண்டு கீழே பார்த்தான்.