மூன்றாவது வரிசைச் சிரிப்பு

இந்த வாரமும் அந்தச் சிரிப்பு முந்திக்கொண்டது.

பெரில் ஆக்டன் ஒலிநாடாவைப் பின்னுக்கு ஓட்டி இன்னொரு தரம் கேட்டாள். காய்கறிக் கண்காட்சியில் மேயர் பரிசு கொடுக்கிறார். மேயராகப் பேசுவது செட்ரிக் ஹோல்ராய்ட். "இவ்வளவு பெரிய முட்டைக்கோஸை என் வாழ்நாளில்..." என்று அவர் இழுக்கிறார். கோஸ் இன்னும் கை நழுவி அவர் காலில் விழவில்லை. அதற்குள் ஒரு பெண் 'ஹா!' என்று வெடித்துவிட்டாள். கூரையைத் தூக்குகிற சிரிப்பு. மற்றவர்கள் யாரது என்று திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். கோஸ் விழுந்தபோது சிரிக்க ஆளில்லை.

மான்செஸ்டரில் வியாழன் மாலை ரசிகர்கள் முன்னால் பதிவாகும் 'அரை மணி அமளி', ஞாயிறு மதியம் வானொலி வழியாக நாடு முழுக்கச் சாப்பாட்டு மேசைக்குப் போய்ச் சேரும். பத்தொன்பது வருடமாக இதுதான் ஏற்பாடு. இடையில் நாடா பெரிலின் கையில். பிளேடால் வெட்டி, ஒட்டி, இருமலையும் தடுமாற்றத்தையும் எடுத்துவிடுவாள். ஆறு வருடமாக அந்தச் சிரிப்பையும் எடுத்துவருகிறாள். எடுத்த துண்டுகளைக் குப்பையில் போட மட்டும் மனம் வந்ததில்லை. எந்த வாரம், எந்தக் காட்சி என்று எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்திருந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை செட்ரிக் அவளுடைய அறைக்கே வந்துவிட்டார். பின்னாலேயே தயாரிப்பாளர் மோரிஸ்.

"கேட்டியா பெரில் கண்ணு? கேட்டியா இல்லையா?"

"கேட்டேன்."

"நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நான் என்ன சொல்லப்போறேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுக்கு என்ன அர்த்தம்? நான் புளிச்சுப்போயிட்டேன்னு அர்த்தம்."

"சேச்சே, யாரோ ஸ்கிரிப்டை வெளிய விடறாங்கய்யா," என்றார் மோரிஸ். அவருக்கு எதிலும் ஒரு சதி வேண்டும்.

செட்ரிக் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மோரிஸின் கையில் திணித்தார். ராஜினாமா. "அவளா நானான்னு முடிவு பண்ணிக்கோங்க. நேத்து மூணு இடத்துல தடுமாறினேன். அடுத்த வரியச் சொல்லவே பயமா இருக்கு."

அவர் நடிக்கவில்லை. அறுபது குரல் பேசுகிற அந்தத் தொண்டையில் அன்று ஒரே குரல்தான் இருந்தது, அதுவும் உடைந்திருந்தது. செட்ரிக் போனால் அமளியும் போயிற்று. அது மூன்று பேருக்கும் தெரியும்.

"வாசல்லயே நிறுத்தச் சொல்லிடறேன்," என்றார் மோரிஸ்.

"யாருன்னே தெரியாம யாரை நிறுத்துவீங்க?" என்றாள் பெரில். "இன்னும் ஒரே ஒரு வியாழக்கிழமை குடுங்க. யாரு, எதுக்குச் சிரிக்கிறான்னு நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன்."

நிகழ்ச்சியைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் உள்ளுக்குள் குடைந்தது வேறு. ஆறு வருடமாக வாரம் தவறாமல் கேட்ட ஒரு சிரிப்பின் முகம் எப்படி இருக்கும்?

அவர்கள் போனதும் டின்னைக் கவிழ்த்தாள். முன்னூறுக்கும் மேற்பட்ட துண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் இருந்த காட்சிப் பெயரைப் படித்துக்கொண்டே போனாள். குதிரை வண்டி. குளியல் தொட்டி. பல் டாக்டர். பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்ட பாதிரியார். பாதி துண்டுகளைத் தாண்டியபோதுதான் பொறி தட்டியது. எல்லாமே சத்தம் வரும் காட்சிகள். செட்ரிக் தனியாக நின்று நான்கு நிமிடம் பேச, ஊரே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பேச்சுகளில் ஒன்றில்கூட அவள் சிரிக்கவில்லை. ஒன்றில்கூட!

அடுத்த வியாழக்கிழமை பதிவு அறைக்குப் போகாமல் அரங்கில் போய் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. வானொலிக்காரர்கள் காதாலேயே வாழ்ந்து பழகியவர்கள். தங்களைப் பார்க்கவும் முன்னூறு பேர் வருகிறார்கள் என்பது அவர்கள் புத்தியில் ஏறுவதே இல்லை. பெரில் மட்டும் என்ன விதிவிலக்கா?

மேடையில் நாலு பேர் மைக்குக்கு முன்னால் காகிதத்தோடு நின்றார்கள். ஓரத்தில் ஒரு மேசை. அங்கே நார்மன். சத்தங்களுக்குப் பொறுப்பான ஆள், பேச்சுக்கு அல்ல. வாரத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். மேசையில் ஒடித்தால் எலும்பு முறிவதுபோல் கேட்கும் செலரிக் கீரைத் தண்டு, ஈரத் துணி, தேங்காய் மூடி, தண்ணீர் வாளி. எலும்பு முறிகிற காட்சி வந்தது. நார்மன் துக்க வீட்டுக்கு வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் செலரியை மெல்ல, மெல்ல உயர்த்தினார்.

'ஹா!'

மூன்றாவது வரிசை, ஓர இருக்கை. அறுபது வயது இருக்கும். நீலக் கோட்டு, மடியில் கைப்பை. செலரி அதற்குப் பிறகுதான் ஒடிந்தது. பெரில் தன்னை அறியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்த முகத்தையும் அந்தச் செலரியையும் பார்த்தால் யாருக்குத்தான் வராது!

பதிவு முடிந்ததும் ஓடிப்போய் அந்த அம்மாளின் தோளைத் தொட்டாள். அவர் திரும்பி, பெரிலின் கண்ணை விட்டுவிட்டு வாயையே பார்த்தார்.

"என் முகத்தப் பாத்துச் சொல்லும்மா. காது சுத்தமாக் கேக்காது. தறிக்கூடத்துல முப்பத்தோரு வருஷம். அந்த இரைச்சல்ல எங்க பொம்பளைங்க எல்லாம் உதட்டப் பாத்துதான் பேசிக்குவோம்."

பெயர் ஹில்டா க்ளெக். ஒரு மழை நாளில், பக்கத்து வீட்டுக்காரியிடம் உபரியாக இருந்த இலவச டிக்கெட்டில் வந்தாராம். அதிலிருந்து ஒரு வாரம் விட்டதில்லை.

"எங்க வீட்டுல எனக்கு ஒண்ணும் புரியறதில்ல. எல்லாரும் அங்க இங்க திரும்பிக்கிட்டுப் பேசுவாங்க. இங்க மேசைகிட்ட நிக்கற அந்த கோஸ்காரரு இருக்காரே! என்னமா பண்றாரு மனுஷன்!"

"செட்ரிக்?" என்று பெரில் உதட்டை அகலமாக அசைத்துக் கேட்டாள்.

"யாரு, அந்த மீசைக்காரரா? பாவம், அவரு வாயையே நான் பாத்ததில்ல. இரும்பு டப்பாவ மூஞ்சிக்கு நேரா வெச்சுக்கிட்டா நான் என்னத்தப் படிக்கறது?" சட்டென்று அவர் முகம் மாறியது. "ஏம்மா, நான் சத்தமாச் சிரிக்கறேனா? எனக்குத் தெரியாதும்மா. யாருக்காவது தொந்தரவுன்னா சொல்லிடு, இனிமே வரல."

பெரில் வேகமாகத் தலையசைத்து மறுத்தாள். "இல்லவே இல்ல," என்று கூசாமல் பொய் சொன்னாள்.

மறுநாள் செட்ரிக்கிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பயம் தெளிந்த முகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். அது வேறு முகம்.

"ஆறு வருஷமா? நான் பேசினதுல ஒரு வார்த்தை கூடவா அவகிட்டப் போகல?"

"ஒண்ணுகூட இல்ல."

"கோஸப் பாக்கவா வந்தா?"

"கோஸப் பாக்கத்தான்."

அவர் எழுந்து கதவுப் பக்கம் நடந்தார். போகும்போது கடிதத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. அது இன்னும் மோரிஸின் மேசையில்தான் இருந்தது.

அடுத்த வியாழக்கிழமையும் பெரில் அரங்கில்தான் இருந்தாள். செட்ரிக் தன் தனிப் பேச்சுக்கு வந்து நின்றார். வந்தவர் மைக் கம்பியைப் பிடித்து நெஞ்சு மட்டத்துக்கு இறக்கினார். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பொறியாளர் இரண்டு கையையும் விரித்துக் கத்துவது தெரிந்தது. செட்ரிக் கண்டுகொள்ளவில்லை. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மூன்றாவது வரிசையைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லுக்கும் வாயை நன்றாகத் திறந்து பேசினார். பஸ் நிறுத்தத்தைக் கால்வாய்க்கு அக்கரையில் வைத்துவிட்ட நகராட்சி அதிகாரியின் பேச்சு அது.

"ஆமாங்க, பாலம் கட்டாயம் வருது. பஸ்லதான் வருது."

அரங்கம் இடிந்தது. செட்ரிக் அந்தச் சிரிப்பைக் காதில் வாங்கவே இல்லை. சிரிப்பு அடங்கியது. அவர் அடுத்த வரிக்குப் போகாமல் நின்றார். ஒரு நொடி. இரண்டு நொடி. வானொலியில் இரண்டு நொடி மௌனம் என்றால் மோரிஸுக்கு மாரடைப்பு வரும். கைப்பையை இறுக்கிக்கொண்டிருந்த ஹில்டாவின் உதடுகள் அந்த வரியைத் தமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தன.

'ஹா!'

செட்ரிக் கண்ணை மூடித் திறந்தார். பிறகு தடுமாறாமல் கடைசிவரை பேசினார். முடிந்ததும் நேராக மோரிஸிடம் போய், தன் கடிதத்தைக் கேட்டு வாங்கிக் கிழித்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை பெரில் பிளேடை எடுத்தாள். குரல் தள்ளிக் கேட்டது, அதற்குப்பின் மௌனம், அதற்குப்பின் தன்னந்தனியாக ஒரு சிரிப்பு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் வெட்ட வேண்டிய இடம். அவள் பிளேடைக் கீழே வைத்துவிட்டாள்.

கதவருகே யாரோ செருமினார்கள். நார்மன். இத்தனை வருடத்தில் அவர் இந்த அறைக்குள் வந்ததே இல்லை. தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"பெரிலம்மா, மூணாவது வரிசை அம்மாவுக்கு நேத்து உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருந்தாங்க. ஏன்?"

"நான் வாளியத் தூக்கறப்போ அவங்க இந்தப் பக்கமே திரும்பல." தொப்பி இன்னொரு சுற்று உருண்டது. "அவங்களுக்காகத்தாம்மா இத்தன நாளா ஒவ்வொண்ணையும் அவ்வளவு மெதுவாத் தூக்கறேன்."