பதின்மூன்று ஜோடி

...நாற்பது என்று நான் எழுதவே இல்லை, யார் கேட்டாலும் சொல்வேன், பதின்மூன்று ஜோடி காலணி என்றுதான் எழுதினேன், ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்துத்தான் எழுதினேன், கைபேசியில் படமும் எடுத்துக் கட்டடக் குழுவில் போட்டேன், சந்தேகம் இருப்பவர்கள் படத்தைப் பெரிதாக்கி எண்ணிக்கொள்ளட்டும்... ஆனால் பதின்மூன்று மட்டும் குறைவா என்ன? இரண்டு அறை வீடு அது, முதல் மாடியில் என் வீடும் அதே அளவுதான், அதில் நானும் என் கணவர் தொலெகெனும் மகளும் இருந்தபோதே காலையில் குளியலறைக்கு அடிதடி நடக்கும். நான்காம் மாடியில் அத்தனை பேரும் ஆண்கள், தாஜிக்குகள், கட்டட வேலை என்று சொல்லிக்கொள்கிறார்கள், சொல்லிக்கொள்வதெல்லாம் உண்மையா... எண்ணெய் காய்ந்துவிட்டது. மாவை இன்னும் கொஞ்சம் மெல்லிசாக இழுத்திருக்கலாம், போகட்டும். வெள்ளிக்கிழமை ஏழு ஷெல்பெக், எண்ணெய் வாசம் இறந்தவரைப் போய்ச் சேர வேண்டும், ரொட்டி ஏழு வீட்டைப் போய்ச் சேர வேண்டும், வாங்குகிறவர்கள் இரண்டு வரி ஓதி அவர் பெயரைச் சொல்ல வேண்டும், தொலெகென் போன இந்த இரண்டு வருடத்தில் ஒரு வெள்ளியைக்கூட நான் விட்டதில்லை. நான்கு மணிக்குப் போலீஸ்காரர் வருகிறார். அதற்குள் ரொட்டியைக் கொடுத்து முடித்துவிட்டு மனுவை மேசைமேல் எடுத்து வைக்க வேண்டும், நான்காம் மாடிக்காரர்களைக் காலி செய்யச் சொல்லிப் பதினான்கு கையெழுத்து, முதல் கையெழுத்து என்னுடையது, நான்தானே இந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பாளர்.

எனக்கு யார்மேலும் தனிப்பட்ட கோபம் கிடையாது, அதைப் போலீஸ்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களில் ஒருவன், கொஞ்சம் வயதானவன், நாற்பது இருக்கும், செப்டம்பரில் என் உருளைக்கிழங்கு மூட்டையைக் கேட்காமலே தூக்கிக்கொண்டுவந்து சமையலறை வரைக்கும் வைத்துவிட்டுப் போனான்; நன்றி சொன்னேன், சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு யோசித்தேன், சமையலறை வரைக்கும் ஏன் வர வேண்டும், வாசலில் வைத்தால் ஆகாதா, எத்தனை ஜன்னல், எங்கே பூட்டு என்று பார்த்திருப்பானோ? அப்போதெல்லாம் காலை ஆறு மணிக்குத் தடதடவென்று படியிறங்குவார்கள், இவ்வளவு சீக்கிரம் எங்கே போகிறார்கள் என்று நினைப்பேன். இப்போது நான்கு நாளாக ஒரு சத்தமும் இல்லை, இறங்குவதும் இல்லை, ஏறுவதும் இல்லை, குழாயில் தண்ணீர் மட்டும் ஓடுகிறது... சத்தம் போட்டால் சத்தம், போடாவிட்டால் அதைவிடப் பயம், உள்ளே உட்கார்ந்து என்னதான் செய்கிறார்கள்? தொலைக்காட்சியில் டை கட்டிய அந்த ஆள் சொன்னாரே, அமைதியாக இருப்பவர்களைத்தான் அதிகமாகக் கவனிக்க வேண்டும் என்று. இரண்டாவது ரொட்டி கொஞ்சம் கறுத்துவிட்டது, இதை லரிஸாவுக்குக் கொடுக்கலாம், அவள் கவலைப்பட மாட்டாள்.

டை கட்டிய ஆள் வந்தது போன வியாழன். சாயங்கால விவாதம், நான்கு பேர் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள், பின்னால் திரையில் ஒரு படம், இருட்டாக, கதவு எண்ணை அழித்து, கதவுக்கு முன்னால் காலணிக் குவியல், 'நம் நகரத்தில் ஒரு கூடு, ஒரே வீட்டில் நாற்பது பேர்' என்று கீழே சிவப்பில் ஓடியது. எழுந்து போய்க் கதவுப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். நம் கட்டடத்தில் மட்டும் இல்லை, ஊர் முழுக்க இருக்கிறார்கள், அங்கே நாற்பது என்றால் இங்கேயும் நான் பார்க்காத நேரத்தில் எத்தனையோ! உடனே அதைக் கட்டடக் குழுவில் போட்டேன், பாருங்கள், நான் சொன்னபோது சிரித்தீர்களே என்று. அன்று ராத்திரியே மனு எழுதினேன், மறுநாள் மாலைக்குள் பதினான்கு கையெழுத்து, படிக்கட்டு பல்பு மாற்ற ஆளுக்கு நூறு தெங்கே கேட்டால் வீட்டில் இல்லாதவர்கள்கூட ஓடிவந்து போட்டார்கள். மனுவில் நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன், 'கட்டுப்பாடற்ற அடர்ந்த குடியேற்றம்' என்று... இந்த வார்த்தை எனக்கு எங்கிருந்து வந்தது? முப்பது வருடம் மருத்துவமனையில் சீட்டு எழுதிக்கொடுத்தவள் நான், பேர், வயது, எந்த டாக்டர், அதற்குமேல் எழுதியதில்லை. ஆனால் பேனாவை எடுத்ததும் கடகடவென்று வந்தது, பள்ளிக்கூடப் பாட்டுபோல.

மூன்று மணி. ஐந்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. எல்லோரும் ஓதினார்கள், ஓதிவிட்டு முகத்தைத் தடவியதும் அதே கேள்வி, போலீஸ் எப்போது வருகிறது, பூட்டை உடைப்பார்களா, வீட்டுக்காரனுக்கு அபராதமா. தொலெகெனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை ஒருவரும். முன்பெல்லாம் ரொட்டியைக் கையில் வாங்கியதும் அவர் ஓட்டிய டிராமைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிப்பார்கள். மனசுக்கு என்னவோ மாதிரி இருந்தது, வருத்தம் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாம் மாடி, லரிஸா கிம். கொரியக்காரி, ஓதத் தெரியாது, ஆனாலும் வாங்கிக்கொள்வாள், வாங்கிக்கொண்டு "தொலெகென் நல்லா இருக்கட்டும்" என்பாள், செத்தவர் எப்படி நன்றாக இருப்பார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மனுவில் கையெழுத்துப் போடாதவள் இவள் ஒருத்திதான். ஏன் போடவில்லை? மேலே இருப்பவர்களுக்கும் இவளுக்கும் ஏதாவது கொடுக்கல் வாங்கலா? கேட்டுவிட வேண்டும் என்றுதான் கதவைத் தட்டினேன்.

"வா கன்ஷா. ரொட்டி கறுத்திருக்கே, எனக்குன்னே எடுத்து வெச்சதா?" என்றாள் லரிஸா. சமையலறையில் உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினாள். நான் சுற்றி வளைக்கவில்லை, ஏன் கையெழுத்துப் போடல என்று நேராகவே கேட்டேன். அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கைபேசியை எடுத்து, அந்தத் தொலைக்காட்சிப் படத்தை நிறுத்தி என்முன் வைத்தாள். "இந்த மூலையில பாரு. ஒரு வாளி தெரியுதா?" தெரிந்தது. "அதுல சிவப்பு பெயிண்ட்ல பதினேழுன்னு உன் வீட்டு நம்பர் எழுதியிருக்கு. யாரும் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு உன் புருஷன் எழுதினது. இது எந்தக் கட்டடம்னு நீ நெனச்ச?" நான் கைபேசியைக் கண்ணருகே இழுத்தேன். "அந்த நாப்பது பேரு உன் பதிமூணு ஜோடிதான் கன்ஷா. நீ போட்ட, குழுவுல யாரோ தூக்கி ஊர்ச் சேனலுக்குக் குடுத்தான், அவன் பெருக்கினான், டிவிக்காரன் இன்னும் கொஞ்சம் பெருக்கினான், அது திரும்பி உன் வீட்டுக்கே வந்துது. நீ அதப் பாத்து பயந்துட்ட."

என் வாளி. படி துடைக்கத் தினமும் பிடிக்கிற வாளி, அதன் பிடி எந்த இடத்தில் கையை அறுக்கும் என்றுகூடத் தெரியும், அது எப்படித் தெரியாமல் போயிற்று? குழுவில் இருபத்திரண்டு பேர் அதைப் பார்த்தார்களே, ஒருவருக்கும் தெரியவில்லையா, இல்லை, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தார்களா... அப்படியானால் யார் கொடுத்தது, இரண்டாம் மாடி போத்தாவா, அவள் மைத்துனன் ஏதோ பத்திரிகையில்தானே இருக்கிறான்... நாற்பது தப்பு என்றால் தப்பாகவே இருக்கட்டும், பதின்மூன்று பொய்யா? அதைச் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். லரிஸா ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். "முப்பத்தேழுல அரசாங்கத்துக்காரங்க கொரியக்காரங்க எல்லாரோடயும் எங்க தாத்தாவ சரக்கு ரயில்ல ஏத்திட்டு வந்து இங்க உஷ்டோபே ஸ்டேஷன்ல தள்ளிட்டுப் போனாங்க. நாங்க எல்லாம் உளவாளின்னு பேப்பர்ல போட்டிருந்தானாம். உங்க கசாக்கிய ஆளுங்களுக்கு அந்தப் பேப்பர் வந்து சேரல, அதனால ரொட்டி குடுத்தாங்க, நாங்க பொழச்சோம். அது கெடக்கட்டும், எனக்கு உங்க வழக்கம் தெரியாது, நீயே சொல்லு. உங்க வீடுகள்ல ஒரு வாசல்ல அத்தன செருப்பு எப்ப கெடக்கும்? ஒரு மணி நேரம் கெடந்துட்டு எப்ப மொத்தமா போயிடும்?"

கல்யாணம், என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பாட்டு இல்லை அன்று, சிரிப்பு இல்லை, திங்கட்கிழமை, மத்தியான நேரம், உள்ளேயிருந்து ஒரே ஒரு ஆணின் குரல் மட்டும் ஏற்ற இறக்கமாக வந்துகொண்டிருந்தது, என்ன பேசுகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேனே, திட்டம் போடுகிறார்கள் என்று நினைத்தேனே... தொலெகென் போன அன்று என் வாசலில் தொடங்கிய காலணி நுழைவாயில்வரை கிடந்தது, யாரும் எண்ணவில்லை, பெரியப்பா மகன் யாருடைய பூட்ஸையோ மாட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தான், பத்து நாள் கழித்துத் தபாலில் அனுப்பினான். அன்றும் ஒரே ஒரு ஆணின் குரல்தான், ஏற்ற இறக்கமாக. கசாக்கியக் குழந்தைக்குக்கூடத் தெரியும், இத்தனை காலணி, இந்த மாதிரி மௌனம், நடுவில் ஒரு குரல் என்றால் என்னவென்று. தெரிந்தவர் தெரியாதவர் பார்க்காமல் உள்ளே போய் இரண்டு வார்த்தை துக்கம் கேட்டுவிட்டு வர வேண்டும், போகாவிட்டால் அது எத்தனை கேவலம். நான் படம் எடுத்தேன். லரிஸாவிடம் சொல்லாமல் எழுந்துவிட்டேன், தட்டில் ஒரு ரொட்டி மிச்சம் இருந்தது, வழக்கமாக ஏழாவதை வாங்குகிற வீடு காலியாகி ஒரு மாதம் ஆகிறது, கீழே யாருக்காவது கொடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

மேலே பதினெட்டுப் படி. ஏறும்போதே மனசு பின்னுக்கு இழுத்தது, லரிஸா சொல்வது மட்டும் வேதமா, அவளும் ஊகிக்கத்தானே செய்கிறாள், கதவைத் திறந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால்... என்னத்துக்கு இழுப்பார்கள் கிழவியை! தட்டினேன். உள்ளே பேச்சு சட்டென்று நின்றது. மறுபடி தட்டி, "நான்தான், கீழ்வீட்டு கன்ஷாயிம், ரொட்டி" என்றேன். சங்கிலியோடு கதவு ஒரு சாண் திறந்தது, உருளைக்கிழங்கு மூட்டை தூக்கியவன், என்னைப் பார்த்ததும் சங்கிலியை எடுத்துவிட்டான். "அபா, வாங்க வாங்க. நாலு நாளா யாரு தட்டினாலும் தெறக்கறதில்ல, மன்னிச்சுக்குங்க. டிவில ஏதோ காட்டினாங்களாம், மேஸ்திரி வெளிய தல காட்டாதீங்கன்னுட்டாரு." நான் தட்டை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "யாரு பேருல அபா?" என்றான். கணவர், தொலெகென், என்றேன். பிறகு, உங்க வீட்டுல யாரோ... என்று இழுத்தேன்.

"தம்பி. பஹ்ரோம். எட்டாவது மாடி சாரத்துலேருந்து விழுந்துட்டான். உடம்ப விமானத்துல எங்க ஊருக்கு, குலோப்புக்கு அனுப்பிட்டோம், கூட ஒருத்தர்தான் போக முடிஞ்சுது, அதனால இங்கயே ஓதினோம்." அவன் பேசிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "உங்கள அன்னைக்குப் பாத்தேன் அபா. கதவு சந்துல. படி தொடச்சிட்டு இருந்தீங்க, மேல ஏறி வந்தீங்க, கொஞ்ச நேரம் நின்னுட்டு எறங்கிட்டீங்க. துக்கம் கேக்கத்தான் வந்திருக்காங்க, உள்ள அத்தனையும் ஆம்பளைங்கன்னு கூச்சப்பட்டுப் போயிட்டாங்கன்னு இவங்ககிட்ட சொன்னேன். இந்தக் கட்டடத்துல ஒருத்தராவது வந்தாங்களேன்னு நெனச்சோம்." அப்போதாவது சொல்லியிருக்கலாம். சட்டைப்பையில் கைபேசி இருந்தது, அதில் படமும் இருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவன் தட்டை உள்ளே வைத்துவிட்டுக் கையேந்தினான், நானும் ஏந்தினேன், நல்ல குரல், அவசரப்படாமல் ஓதினான், முடிவில் தொலெகென் பெயரைச் சொன்னான், "அபா, தம்பி பேரையும் சேத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு அதையும் சொன்னான். நான் அழுதேன், நடிப்பில்லை, இந்த இரண்டு வருடத்தில் அவர் பெயரை இத்தனை நிதானமாக யாரும் சொல்லவில்லை.

இறங்கி வந்தபோது போலீஸ்காரர் என் வாசலில் நின்றுகொண்டிருந்தார், கக்கத்தில் கோப்பு. மனுவை எடுக்க உள்ளே போகவில்லை நான், அதன் நகல் அவரிடம் ஏற்கனவே இருந்தது, என் கையெழுத்து மேலேயே தெரிந்தது. "டிவில நாப்பதுங்கறான், நீங்க பதிமூணுங்கறீங்க" என்று சலித்துக்கொண்டார். "நாப்பதும் வேணாம், பதிமூணும் வேணாம் அபா, எனக்கு மேலிடத்துல பதில் சொல்லணும். பதிவுல மூணு பேருதான் இருக்காங்க. அதுக்கு மேல ஒரு தல இருந்தாலும் அனுப்பிடுவோம், அஞ்சு வருஷம் நாட்டுக்குள்ள வர முடியாது. நீங்க பொறுப்பாளர், நீங்க சொல்றததான் எழுதுவேன். எத்தன பேரு?" எனக்குத் தெரியாது, நான் ஒருவனைத்தான் பார்த்தேன், அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை, அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்... அதற்குள் ஒரு எண் வந்து நாக்கின் நுனியில் நின்றுவிட்டது. ஐந்து. இந்த ஐந்து எங்கிருந்து வந்தது? நான் யாரையும் எண்ணவில்லையே... எண்ணியிருக்கிறேன். அவன் கையேந்தித் தொலெகென் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நானும் கையேந்தி அழுதுகொண்டிருந்தபோது, என் கண் அவன் தோளைத் தாண்டிப் போய்க் கதவுக்குப் பின்னால் இருந்த காலணிகளை ஒவ்வொரு ஜோடியாக எண்ணி முடித்திருக்கிறது. அதில் ஒரு ஜோடி செத்துப்போனவனுடையதாக இருக்குமா? போலீஸ்காரர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறார்.