கதவை எடுத்த அறையில் படகுக்காரி

"என்ன சுவரக்கா, சத்தமே காணோம்?" என்றான் கண்ணாடி.

"மாட்டிக்கிட்டேன்."

"எங்க?"

"சுவத்துக்குள்ள."

கண்ணாடி நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், காலால் தரையை உந்தி அப்படியே உருண்டு வந்தான். கேமின் உள்கோப்புகளைப் பார்க்கிறவன் அவன். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அந்தப் பெயர். அவளுக்குச் சுவரக்கா என்று பெயர் வந்தது வேலையால். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஜப்பானில் வந்த கேம் ஒன்றை நம் மொழியில் மறுபடி வெளியிடப் போகிறார்கள். அதில் உள்ள ஊர் ஒவ்வொன்றிலும், வீடு ஒவ்வொன்றிலும், வீரனைக் கொண்டுபோய்ச் சுவரோடு சுவராக முட்டவைத்து, எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. இந்தக் கேமில் மட்டும் ஒன்பது வாரமாக முட்டுகிறாள். இந்த அலுவலகத்தில் ஒன்பது வருஷமாக.

ஜன்னல் இல்லாத அறை அது. கைப்பேசிகள் வாசலில் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். வெளியே மழையா வெயிலா என்று யாராவது வந்து சொன்னால் உண்டு.

"துறைமுக ஊர்ல, சுவர் ஓரமா ஒரு ஜோடி செருப்பு கிடந்துச்சு," என்றாள். "ஆறு ஊர்ல பார்த்துட்டேன் இந்தச் செருப்ப. செருப்பு இருக்கு, கதவு இல்ல. வெத்துச் சுவத்துல எவ செருப்பக் கழட்டி வைப்பா? சரின்னு பக்கத்துல முட்டினேன். உள்ள போயிடுச்சு."

"வெளிய வர முடியல."

"வர முடிஞ்சா உன்ன எதுக்குக் கூப்பிடுறேன்."

திரையில் பலகைத் தரை போட்ட சின்ன அறை. நாலு பக்கமும் சுவர். நடுவில் வீரன். அவனுக்கு எதிரே வெறுங்காலோடு, கையில் துடுப்போடு ஒரு பொம்பளை.

"சேவ் பண்ணலியே அக்கா?"

அவள் கையிலிருந்த கண்ட்ரோலரைப் பார்த்தாள்.

"அக்கா."

"பண்ணிட்டேன். எதக் கண்டாலும் முதல்ல சேவ், அப்புறம் பார்வை. கை தானா போயிடுச்சுடா."

கண்ணாடி தலையில் கை வைத்துக்கொண்டான். இந்தக் கேமுக்கு ஒரே ஒரு சேவ்தான் உண்டு; கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்துதான் தொடர முடியும். முதல் அடியிலிருந்து கடைசிச் சுவர் வரை ஒரே ஆள், ஒரே சேவ், நகல் எடுக்கக் கூடாது என்பது ஜப்பான்காரர்கள் போட்ட கட்டளை. உள்ளே போய் வீரனைத் தூக்கி வெளியே வைக்கக் கண்ணாடிக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் கை வைத்த சேவ் அவர்களிடம் செல்லாது. அப்புறம் முதலிலிருந்து இன்னொரு ஒன்பது வாரம்.

ஒன்பது வாரம் அவளிடம் இல்லை. வேறொரு நகரத்தில், வரைபடம் அச்சடிக்கிற இடத்தில், பிழை பார்க்கிற வேலை கிடைத்திருந்தது. அங்கே அவள் உட்காரப்போகும் மேசைக்குப் பக்கத்தில் ஜன்னல் உண்டு என்பதை நேர்காணலுக்குப் போனபோதே பார்த்துவிட்டாள். திங்கட்கிழமை விடுவிப்புக் கடிதத்தோடு போய்ச் சேர வேண்டும். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள சுத்தமான சேவக் குடுங்க, விடுவிப்புக் கடிதத்த வாங்கிட்டுப் போங்க" என்று மேலாளர் சொல்லியிருந்தார். இப்படித்தான் போன வருஷமும் சொன்னார். அதற்கு முந்தின வருஷமும் சொன்னார். ஏதாவது ஒன்று வந்து நின்றுவிடும்.

இன்று வெள்ளிக்கிழமை. மணி மூன்றரை.

"அவகிட்ட பேசிப் பார்த்தீங்களா?"

"சொன்னதையே சொல்ற வரைக்கும் பேசணும், அதுதானே நம்ம சட்டம். இவ முதல்லேருந்தே சொன்னதையேதான் சொல்றா. மொழிபெயர்த்த பட்டியல்ல இவ வசனமே இல்ல. நீ படி."

கண்ணாடி திரையோடு மூக்கை ஒட்டி, ஜப்பானிய எழுத்தைக் கூட்டிப் படித்துச் சொன்னான். "உட்காருங்க. ஆடாதீங்க."

"நல்லா இருக்கு. வீட்டுல நாத்தனார் சொல்றா, இங்க சார் சொல்றார், இப்ப இவளுமா?"

அவள் மறுபடி சுவர்களை முட்டத் தொடங்கினாள். கண்ணாடி உள்கோப்பைத் திறந்து படித்தான். கால் மணி நேரம் முட்டும் சத்தமும் விசைப்பலகைச் சத்தமும் தவிர வேறில்லை. பிறகு அவன், "அக்கா, இவ கைவிட்ட யோசனை," என்றான். "வீரனோட மூணாவது துணையா வர்றதா இருந்திருக்கா. ஊர் ஊரா இவளுக்கு வீடு. அப்புறம் வேண்டாம்னு விட்டுட்டாங்க. செருப்பு மட்டும் அங்கங்க மிஞ்சிப்போச்சு."

"வேண்டாம்னா ஆளையும் எடுத்திருக்கலாமே."

"எழுதி வச்சிருக்காங்க பாருங்க. 'கதவை எடுத்தாயிற்று. ஆளை எடுத்தால் ஊர் மணி அடிக்காது. அப்படியே விட்டுவிடவும்.'"

துறைமுக ஊரின் மணியை ஒன்பது வாரமாக அவள் கேட்டிருக்கிறாள். மணி அடித்தால்தான் கடைக்காரன் கடை திறப்பான், பிள்ளைகள் கிணற்றடிக்கு வருவார்கள்.

"இவளாலதான் அந்த மணி அடிக்குதா?"

"ஆமா."

"அதுக்காக உள்ள வச்சு அடைச்சுட்டாங்களா?"

"அடைக்கல அக்கா. கதவ மட்டும் எடுத்தாங்க."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு கோப்புக்குள் போய்விட்டான்.

மணி நாலானபோது கையைத் தட்டினான். "கிடைச்சுது. இது அறையே இல்ல, படகு. இவ ரெண்டாயிரத்து நானூறு எண்ணினா மணி அடிக்கும், படகு போய்க் கரை சேரும். நொடிக்கு ஒண்ணு. ஆனா உள்ள ஆள் இருந்து அசைஞ்சா எண்ணிக்கை திரும்பப் பூஜ்யம். நீங்க முட்ட முட்ட அவ முதல்லேருந்து எண்ணிட்டு இருக்கா."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. நாப்பது நிமிஷம்."

உட்காருங்க, ஆடாதீங்க. அவள் கண்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

சும்மா இருப்பது எவ்வளவு பெரிய பாடு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விரல்கள் தாமாகத் துள்ளின. திரையில் ஒன்றும் நகரவில்லை. பலகை, துடுப்பு, வெறுங்கால். பன்னிரண்டு நிமிஷம் போயிருக்கும், மேலாளர் உள்ளே வந்தார்.

"என்னம்மா, கை கட்டி உட்கார்ந்திருக்கீங்க? நின்னுபோச்சா?" என்று சொல்லிக்கொண்டே கண்ட்ரோலரை எடுத்து இடப்பக்கம் ஒரு தட்டுத் தட்டினார். வீரன் ஓரடி நகர்ந்தான்.

கண்ணாடி கண்ணை மூடிக்கொண்டான். "பூஜ்யம்."

"என்னப்பா பூஜ்யம்?"

அவன் விளக்கினான். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலே கால். "அடடா. சரி விடுங்கம்மா, எங்க போயிடப்போகுது. அடுத்த மாசம் ஒரு சுற்று நிதானமாப் பண்ணினாப் போச்சு. அந்த வேலை இல்லேன்னா வேற வேலை. இங்க உங்களுக்கு என்ன குறை?" என்று சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. அவள் இல்லாத அறையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"கண்ட்ரோலரக் கீழ வைங்க சார்," என்றாள்.

வைத்தார்.

"இப்ப நாலே கால். நாலு அம்பத்தஞ்சுக்கு மணி அடிக்கும். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க."

இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் இப்படிப் பேசியதில்லை. அவர் போகாமல் கதவோரம் நின்றார். நாலரைக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. அது கண்ட்ரோலரின் கம்பியை ஒட்டி இருந்தது. கண்ணாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு, முட்டையை எடுக்கிற மாதிரி எடுத்தான். எதிர்முனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது. அவளுடைய நாத்தனார்.

"அவளக் கூப்பிடுப்பா. தண்ணி மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு, எந்த ஸ்விட்சுன்னு தெரியல."

"இப்ப வர முடியாதுங்க."

"ஏன், என்ன பண்றா?"

"சும்மா உட்கார்ந்திருக்காங்க."

"யாரு, அவளா?"

"ஆமாங்க."

"உடம்புக்கு ஏதாவது முடியலியா?"

சொல்லிவிடலாம், சமையலறைக் கதவுக்குப் பின்னால், இடப்பக்கம் இரண்டாவது என்று. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "தேடிப் பார்க்கச் சொல்லு," என்றாள். "நாலு ஸ்விட்சுதான் இருக்கு."

கண்ணாடி அதையே சொல்லிவிட்டு, எடுத்த மாதிரியே வைத்தான்.

நாலு ஐம்பது. நாலு ஐம்பத்து மூன்று. கண்ணாடி சத்தமில்லாமல் வாயசைத்து எண்ணிக்கொண்டிருந்தான். தொடைக்கு அடியில் கை மரத்துப்போயிருந்தது.

நாலு ஐம்பத்தைந்துக்கு மணி அடித்தது. ஒன்பது வாரமாகக் கேட்ட அதே மணிதான், ஆனால் இத்தனை பக்கத்தில் அவள் கேட்டதில்லை. சுவர்கள் நாலும் விலகி இருட்டில் போயின. பலகையைச் சுற்றி நீலத் தண்ணீர் வந்தது. படகு ஒரு முறை ஆடிக் கரையைத் தொட்டது. வீரன் துறைமுக ஊரில், செருப்புக்குப் பக்கத்தில் நின்றான்.

"அவ வரலியா?" என்றாள்.

"அவ இறங்கிட்டா மணி அடிக்காதே அக்கா."

கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேவ் செய்தாள். அறிக்கைத் தாளை இழுத்து, 'செருப்பருகே சுவரில் ஓட்டை' என்று எழுதினாள். அதற்கு எதிரே இரண்டு கட்டங்கள்: பிழை, வேண்டுமென்றே செய்தது.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "பிழைதானேம்மா? சுவத்த அடைச்சுட்டு மறுபடி ஒரு சுற்று..."

"வேண்டுமென்றே," என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது கட்டத்தில் குறி போட்டாள். "நிதானமா உட்கார்ந்தா வெளிய விடுறா. அவ வசனத்த மட்டும் நம்ம மொழியில போட்டுடுங்க. உள்ள போறவங்களுக்குப் புரியணும்."

அவர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சேவைப் பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"கடிதத்தத் திங்கட்கிழமை தட்டச்சு பண்ணி அனுப்பிடுறேன்மா. டைப் அடிக்கிற பொண்ணு இப்ப கிளம்பியிருக்கும்."

மற்ற வருஷமாக இருந்தால், "பரவாயில்ல சார்" என்று சொல்லியிருப்பாள். அல்லது ஏன், எதற்கு, போன தடவையும் இப்படித்தானே என்று ஆரம்பித்து, பேச்சு நீண்டு, கடைசியில் அவளே அவருக்குச் சமாதானம் சொல்லி முடித்திருப்பாள்.

இன்று மேலாளரின் அறைக்குள் போய், அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா?"

அவள் பேசவில்லை. அசையவும் இல்லை.

அவர் கோப்பைப் புரட்டினார். தண்ணீர் குடித்தார். ஜன்னல் திரையைச் சரிசெய்தார். வெளியே வெயில் இருந்தது. கடைசியில் மேசை இழுப்பறையைத் திறந்து, நிறுவனத்தின் பெயர் அச்சடித்த வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"கையால எழுதினா அங்க ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்குவாங்க," என்றாள்.