தாய்மாமனுக்கு ஒரு சீட்

என் கணவர் சண்முகவேலைத் திட்ட எனக்கு ஒரு நாள் போதாது. ஆனால் அன்றைக்கு மாலை நான்கு மணிக்கு அபிராமபுரத்துக் கல்யாண மண்டபத்தில் நின்றுகொண்டு வாய் திறக்க முடியவில்லை. பக்கத்தில் அவருடைய தங்கை முத்துமாரி நின்றாள்.

அவள் மகள் தீபிகாவுக்கு ஏழு மணிக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் மாலை போட்டு அழைத்து வந்தால்தான் பெண் சபைக்கு வருவாள். அது எங்கள் வழக்கம். தாய்மாமனான என் கணவரோ தன் தி.நகர் ஜவுளிக் கடைக்குச் சரக்கு எடுக்க சூரத்துக்குப் போனவர், கடைசியாக இன்னொரு குடோனை எட்டிப் பார்க்கப் போய்க் காலை விமானத்தைக் கோட்டை விட்டுவிட்டார். வேறு விமானம் பிடித்து இப்போது ஹைதராபாத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து அவர் மாறி ஏற வேண்டிய விமானம் சென்னைக்கு ஒன்பது மணிக்குத்தான் வரும்.

தீபிகாவுக்குக் காது குத்தியபோது தீபாவளி வியாபாரம், சடங்கன்று ஆடித் தள்ளுபடி என்று இரண்டு தடவை கம்பி நீட்டியவர் அவர். "இந்தத் தடவையும் அண்ணன் வரலேன்னா உங்க வீட்டு வாசல்ல கால் வைக்க மாட்டேன் மதினி" என்று முத்துமாரி சொல்லியிருந்தாள். செய்யக்கூடியவள்தான்.

ஒரே ஒரு வழி இருந்தது. நாலரை மணிக்கு அங்கிருந்து இன்னொரு விமானம். அதற்கு யாராவது வராமல் போனால், ஸ்டாண்ட்பையில் காத்திருப்பவருக்கு அந்த இடம். போனை ஸ்பீக்கரில் போட்டு நாங்கள் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

"வல்லி, நான்தான் முதல் ஆளு. எனக்குப் பின்னால ரெண்டே பேருதான்" என்றார் உற்சாகமாக.

"பராக்குப் பார்க்காம கவுண்ட்டரையே பாருங்க."

ஒரு சீட் இருக்கிறது, யார் முதலில் என்று கவுண்ட்டரில் ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்டது காதில் விழுந்தது. அவருக்குப் பின்னால் வளையல் சத்தம். உடனே என் கணவரின் குரல், தேனொழுக: "வாங்கம்மா, நீங்க முதல்ல பாருங்க!"

கடையில் பெண்கள் வந்து நின்றால் ஒதுங்கி வழிவிட்டு அவர் சொல்கிற அதே வாசகம். அந்த அம்மாளும் நன்றி சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

"வல்லி, பழக்க தோஷத்துல வாய் தவறி..." என்று இழுத்தார்.

முத்துமாரி போனை வாங்கினாள். கத்தியிருந்தாலாவது தேவலை. "அண்ணே, உனக்குத் தங்கச்சியாப் பொறந்ததுக்கு, உன் கடைக்குச் சேலை எடுக்க வர்றவளாப் பொறந்திருக்கலாம்" என்றாள் மெதுவாக.

எனக்கே அவரை நினைத்துப் பாவமாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் ஒருவர் வரவில்லை, ஒரு சீட் இருக்கிறது என்றது அதே பெண் குரல். கூடவே ஓர் ஆண் குரல் கெஞ்சியது: "சார், எனக்கு ரொம்ப அவசரம். கொஞ்சம் விட்டுக் குடுங்களேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"முடியாதுங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் போனே அதிர்ந்தது. "என் தங்கச்சி மகளுக்கு நிச்சயம்! நான்தான் தாய்மாமன்!"

கல்யாணமான இந்த இருபத்தெட்டு வருஷத்தில் என்னைத் தவிர வேறு யாரிடமும் அவர் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. முத்துமாரி மை கரைந்த கண்களோடு என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"கேட்டீங்களா மதினி? எனக்காக எங்கண்ணன் ஒருத்தர்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டான்!"

மாப்பிள்ளை வீட்டாரிடமும் போய் அதையே சொன்னாள்.