இரண்டு ஹாரன்

குளிப்பாட்டி பெஞ்சில் கிடத்திய பிறகும் மணிவேலின் காது மடிப்பில் கரி இருந்தது. சந்திரகலா முந்தானையை நனைத்து அதைத் துடைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் துடைக்கிற கரிதான். கூச்சத்தில் மனிதர் தலையை இழுத்துக்கொள்வார். இன்று ஏன் சும்மா இருக்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"போதும்மா," என்று மகள் கீர்த்தனா அவள் கையைப் பிடித்தாள்.

நேற்றுச் சாயங்காலம் டூட்டிக்குக் கிளம்பும்போது, காலையில் கீரை கடைந்து வை என்று சொல்லிவிட்டுப் போனவர். தீயணைப்பு வண்டியை ஓட்டிக்கொண்டு எங்கே விரைந்தாலும், இந்தத் தெருமுனை வந்தால் இரண்டு ஹாரன் அடிப்பார். வர நேரமாகும், சோற்றை மூடி வை என்று அர்த்தம். ஸ்டேஷனில் எல்லாரும் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். இன்று விடியற்காலையிலும் அடித்தார்.

வேங்கிக்கால் பக்கம் ஒரு டயர்க் கடை எரிந்தது. அணைத்துவிட்டுத் திரும்பியதும் வண்டியின் தொட்டியை நிரப்பினார். தொட்டி நிரம்பாமல் டிரைவர் ஒரு வாய் டீ குடிக்கமாட்டார், அது அவர்கள் வழக்கம். நிரப்பியபின் சீட்டில் ஏறி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். அவ்வளவுதான்.

"இத்தன பேரு இருந்தீங்களேப்பா. ஒருத்தன் கூடவா பாக்கல?" என்று கேட்டார் மணிவேலின் அண்ணன் அப்பாதுரை.

காக்கிச் சட்டையும் சேற்று பூட்ஸுமாக நின்றிருந்த தீயணைப்பு வீரன் விமல்ராஜ் முன்னால் வந்தான்.

"தூங்கறாருன்னு நெனச்சோம்ணா. எப்பவும் அப்படித்தான் சாய்வாரு. வெயில் மூஞ்சில படுதேன்னு நாந்தான் துண்டு போத்தினேன்." பிறகு சந்திரகலாவைப் பார்த்தான். "நீங்க சொல்லியிருந்தீங்களே அண்ணி, தூங்கினா எழுப்பாதீங்கன்னு."

சொல்லியிருந்தாள். போன ஆயுத பூஜைக்கு ஸ்டேஷனில் வண்டிக்குப் படைத்தபோது, பொரியைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேரையும் அதட்டினாள். "வண்டிய நிறுத்தினா அவர கொஞ்சம் தூங்க விடுங்கப்பா. எந்நேரமும் எழுப்பிக்கினே இருக்காதீங்க." ஸ்டேஷன் பிள்ளைகள் அவள் சொல்லைத் தட்டவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், டம்ளர் கையிலேயே இருந்தது.

தெருமுனையில் மாலை போட்ட அதே வண்டி நின்றது. அதில்தான் அவர் சுடுகாட்டுக்குப் போகவேண்டும் என்று காலையில் ஆபீசரிடம் அடம் பிடித்தவளே அவள்தான். தூக்குவதற்கு ஆட்கள் குனிந்தபோது நிலைய அலுவலர் ராமகிருஷ்ணனின் போன் அடித்தது. கேட்டுவிட்டு அவர் பெஞ்சையும் வண்டியையும் பார்த்தார்.

"கிரிவலப் பாதை பக்கம் குடிசை பத்திக்கிச்சாம். உள்ள ஆளு இருக்குதாம். இன்னொரு வண்டி கீழ்பென்னாத்தூர் போயிருக்குதும்மா."

"தூக்குற நேரத்துல வண்டிய கொண்டு போவீங்களா சார்?" அப்பாதுரை குறுக்கே வந்தார். "என் தம்பி அதுலதான் போவான்."

எல்லாரும் சந்திரகலாவைப் பார்த்தார்கள். அவள் பெஞ்சைப் பார்த்தாள். இந்த ஒன்றையாவது அவருக்குச் செய்துவிடலாம் என்றிருந்தாள்.

"அவரு இருந்தா இப்படிக் கேட்டுக்கினு நிப்பாரா?" என்றாள். "போங்க."

பூட்ஸ் சத்தம் தெருவில் தடதடத்தது. விமல்ராஜ் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து ஒரு கணம் நின்றான், பிறகு ஏறினான். மாலையை யாரும் கழற்றவில்லை. சைரன் எழுந்தது. முனை திரும்பும்போது வண்டி இரண்டு ஹாரன் அடித்தது.

கீர்த்தனா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சந்திரகலா எழுந்தாள். பெண்கள் வழிவிட்டார்கள். செய்தி வந்தபோது விட்ட வேலை சமையலறையில் அப்படியே கிடந்தது. கீரை ஆறி ஏடு கட்டியிருந்தது. ஒரு தட்டை எடுத்துச் சோற்றுப் பானையை மூடினாள். கீரைச் சட்டிக்கும் ஒரு தட்டு தேடினாள்.