மழைக்காட்டுக்கு எந்த மாதம் போவது?

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை. என் அறையின் கூரையிலிருந்து சொட்டியது. எதிர்பாராத கோடைமழை. வேறொரு கதையில், கதாநாயகி அழ வேண்டிய இடத்தில் முக்கிக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை, கூரை அழுதது. ஒழுக்கு அடைப்பவரைக் கூப்பிட்டேன். மனைவியோடு வந்தார். அந்தப் பழைய கதை அன்றோடு அம்பேல்.

2

முதல் தொடக்கம்: "பச்சைப் பசேலென்ற மழைக்காடுகள் சூழ்ந்த அந்தச் சின்னஞ்சிறு நாட்டில்..." வேண்டாம். அங்கே நானும் போனதில்லை, அவர்களும் அப்போது போயிருக்கவில்லை.

இரண்டாவது: "அவளுக்கு மழை என்றால் உயிர்." பச்சைப் பொய். மழை என்றால் அவளுக்கு வேலை.

சரி, வேலையிலிருந்தே தொடங்குகிறேன். அவர் மொட்டைமாடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார். அவள் கீழே அறைக்குள் அண்ணாந்தபடி நிற்பாள். ஈரம் கசிந்ததும் "இங்கதான்" என்று குரல் கொடுப்பாள். அவர் மேலே குறி போடுவார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் குடித்தனம்.* மழைக்காலம் வந்துவிட்டால் ஃபோன் ஓயாது. ஊரெல்லாம் சன்னலோரம் உட்கார்ந்து மழை பார்க்கும். இவர்கள் யாரோ ஒருவர் வீட்டில், கூரைக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர்.

(* கழுத்து வலிக்காதா என்று கேட்டேன். "எனக்குக் கழுத்து, அவருக்கு முட்டி. சண்டையில்லாம பிரிச்சுக்கிட்டோம்" என்றாள்.)

3

போன மழைக்காலத்தில் அவளுக்கு நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. மருத்துவரே உதட்டைப் பிதுக்கிவிட்டார். எப்படியோ பிழைத்தாள். பிழைத்தவளிடம் என்ன வேண்டுமென்று அவர் கேட்க, பயண அலுவலகச் சுவரில் பார்த்த படத்தைச் சொன்னாள். சின்ன நாடு, பாதிக்கு மேல் காடு, மழைக்குப் பஞ்சமே இல்லை.

மனிதர் உடனே தலையாட்டினார். சாயங்காலம் தோறும் சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரிந்தது. மரங்களுக்கு மேலே தொங்குபாலம், ஆற்றில் படகு, தங்குவதற்கு மரவீடு. அந்த மரவீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "கூரை வாட்டம் சரியில்ல, தண்ணி நிக்கும்" என்று ஒரு குறையும் சொன்னார். எல்லாம் கூடி வந்து, மாதத்தில் இடித்தது.

"நான் பாத்து வச்சிருக்கிற மாசம் அங்க மழையே இருக்காதாம். நல்லா விசாரிச்சுட்டேன்" என்றார், பெருமையாக.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. மழைக்காட்டுக்கு மழை இல்லாத மாதத்தில் போவது என்பது [இங்கே ஓர் உவமை வைத்திருந்தேன். நன்றாக இல்லை, எடுத்துவிட்டேன்.]

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மழையில்லாத நாள்தானே அவருக்கு விடுமுறை. அதோடு, அங்கே கொட்டும் மாதங்களில்தான் இங்கேயும் கொட்டும். வாடிக்கைக்காரர்களைத் தவிக்க விட்டுவிட்டு எப்படிப் போவது?

4

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. மழைதான் வேண்டும் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? முதல் பிரதியில் அவளைக் கோபப்பட வைத்து, அடுப்பைக்கூட அணைத்துவிட்டேன். தப்பு. நான் கேட்டபோது, என் அறையில் அண்ணாந்த தலையை இறக்காமலே சொன்னாள்: "சண்டையெல்லாம் போடல. வெக்கமா இருந்துச்சு. புருஷன்கிட்ட போய் யாராவது நன்றி சொல்லுவாங்களா?"

ஆனாலும் சொல்லியிருக்கிறாள். வரைபடத்தை மடித்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"ஏங்க, ஆஸ்பத்திரில நான் கண்ணு முழிச்சப்ப வெளிய மழை கொட்டு கொட்டுன்னு கொட்டிச்சு. நீங்க ஃபோனை அணைச்சுட்டு என் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. மழைல நாம ரெண்டு பேரும் ஒரே பக்கம் இருந்தது அன்னைக்கு மட்டுந்தான். அது இன்னொரு தடவ வேணும் எனக்கு. வேற ஒண்ணுமில்ல."

தூறல் விழுந்தாலே யார் வீட்டில் எந்த மூலை நனையும் என்று சொல்லக்கூடிய மனிதர் அவர்.

"அன்னைக்கு மழையா பேஞ்சுது?" என்றாராம்.

அதற்குள் கூரையில் ஈரம் தெரிந்துவிட்டது. "இங்கதான்" என்று மேலே குரல் கொடுத்தாள். மிச்சக் கதையைக் கேட்க எனக்கு வாய்க்கவில்லை.

5

ஆகவே முடிவுகளை நானே கட்டிப் பார்த்தேன். மழை மாதத்தில் போகிறார்கள், தொங்குபாலத்தில் தொப்பலாக நனைகிறார்கள். சினிமா. வறண்ட மாதத்தில் போகிறார்கள், வானம் மனமிரங்கிப் பெய்கிறது. எழுதுபவனுக்கு ரொம்பச் சௌகரியம். மழை மாதத்தில் கிளம்பி, அந்தப் பாலத்தின் நடுவே நிற்கும்போது ஃபோன் அடிக்க, அவர் அவள் கையை விட்டுவிட்டு

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

நடந்தது இதுதான். போன வாரம் அவளே கூப்பிட்டாள். மழை மாதத்துக்கே சீட்டு போட்டாகிவிட்டது, மறுநாள் கிளம்புகிறோம் என்றாள். குரலில் அப்படியொரு சந்தோஷம். ஃபோனை மட்டும் அணைக்கமாட்டேன் என்கிறாராம். "யாராவது கூப்பிட்டா போதும், மனசு இங்க ஓடி வந்துடும்" என்று சிரித்தாள்.

இன்று காலையிலிருந்து இங்கே அடைமழை. அவர் அடைத்த இடம் கல்லுபோல் இருக்கிறது. ஆனால் வேறொரு மூலையில் சொட்ட ஆரம்பித்திருக்கிறது. அடியில் சோற்றுப் பானையை வைத்துவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். முட்டிக்கொண்டு நின்றவனுக்கு ஒரு கதையைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள். அவர்களுக்கு என்னால் ஆன கைம்மாறு, கூப்பிடாமல் இருப்பது.

அவர் எண் ஊரில் பலபேரிடம் இருக்கிறது. உங்களிடமும் இருக்கும். கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். ஒழுகுகிறதா? வீட்டில் வாளி இருக்கிறதல்லவா?