நடுவில் ஒரு தலையணை

தணிகாசலத்துக்கும் அவர் மனைவி சுகுணாவுக்கும் நடுவே கிடந்த தலையணைக்கு மீசை முளைத்தது. வீட்டில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அடர்த்தியான மீசை. தணிகாசலத்தின் மீசையைவிட ஒழுங்காக இருந்தது.

தலையணையை வைக்கச் சொன்னது ஆஸ்பத்திரி. புராஸ்டேட் ஆபரேஷன் செய்த உடம்பு, தூக்கத்தில் கை கால் பட்டுவிடக் கூடாது என்றார்கள். சுகுணாவுக்கோ கல்யாணமான நாளிலிருந்து அவர்மேல் காலைப் போட்டால்தான் தூக்கம் வரும்.

காயம் ஆறியது. சிறுநீர் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இருமினால் வந்தது. கண்ணீரும் அப்படியே. சோப்பு விளம்பரத்தில் ஒரு குழந்தை சிரித்ததற்கு அழுதார்.

"தலையணைய எடுத்துடட்டுங்களா?" என்று சுகுணா ஒரு நாள் கேட்டாள்.

அவள் கால் தன்மேல் விழாதா என்று ஏங்கிக் கிடந்தவர்தான். விழுந்தால் ஈரம் தெரிந்துவிடுமே, முன்போல் முடியாது என்பதும் தெரிந்துவிடுமே என்று பயந்தார்.

"இருக்கட்டும்" என்றார்.

இருந்தது. அவள் அதன்மேல் காலைப் போட்டுக்கொண்டாள். மறு வாரம் அது அவர் குரலில் காப்பி கேட்டது. சர்க்கரை கம்மி என்று குறையும் சொன்னது. வீட்டுக்குப் பழைய களை வந்துவிட்டதாக சுகுணா பூரித்துப்போனாள்.

உடம்பு விசாரிக்க அவள் அண்ணன் ஏகாம்பரம் ஆப்பிளோடு வந்தார். தலையணை பக்கத்தில் உட்கார்ந்து எப்படியிருக்கிறது என்று கேட்டார்.

"எனக்கென்ன மச்சான், குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றது தலையணை.

ஆம்பிளை என்றால் இப்படித்தான் பேச வேண்டும் என்று ஏகாம்பரம் அதன் முதுகில் தட்டினார். கொஞ்சம் பஞ்சு பறந்தது.

மூலையில் தணிகாசலம் அழுதுகொண்டிருந்தார். ஏகாம்பரம் சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு தங்கையிடம் குரலைத் தாழ்த்தினார்.

"யாரும்மா அவரு?"

"தெரியலண்ணே. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு."

சொல்லிவிடலாம் என்று தணிகாசலம் வாயைத் திறந்தார். இருமல் வந்தது. வேட்டி நனைந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அறுபதாம் கல்யாணத்துக்குத் தலையணைக்குப் பட்டு வேட்டி கட்டினார்கள். தாலியின் மூன்று முடிச்சுகளையும் நாத்தனாரே போட்டுவிட்டதால் மாப்பிள்ளைக்குக் கையில்லாதது ஒரு குறையாகத் தெரியவில்லை. சுகுணா வெட்கப்பட்டாள். கூட்டத்தோடு நின்று தணிகாசலமும் அட்சதை தூவினார்.

மண்டபத்திலிருந்து திரும்பிய பிற்பகல், கட்டிலில் ஒரு பக்கம் சுகுணா தூங்கினாள். மறு பக்கம், அவருடைய இடத்தில், தலையணை. நடுவில் மட்டும் இடம் இருந்தது. தணிகாசலம் அங்கே மெல்லப் படுத்தார்.

தூக்கத்தில் அவள் கால் அவர்மேல் விழுந்தது. அதே கனம். அதே மெட்டி உறுத்தியது. இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று நினைத்தார். சந்தோஷத்தில் கண்ணீர் வந்தது. மற்றதும் வந்தது.

சுகுணா விழித்துத் தொட்டுப் பார்த்தாள். அவரைத் தாண்டி மீசையிடம் சொன்னாள்.

"என்னங்க, நடுத் தலையணை ஈரமா இருக்கு."

"வெயில்ல போடு" என்றது அது.

அவள் அவரை மாடிக்குத் தூக்கிப்போய்க் கைப்பிடிச் சுவரில் மடித்துப் போட்டாள். பூப்போல இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப்போனாள். வெயில் நன்றாக அடித்தது. பக்கத்து மாடிகளிலும் அந்த வயதுக்காரர்கள் சிலர் காய்ந்துகொண்டிருந்தார்கள். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.